தகப்பனுக்கு லீவு என்னத்துக்கு?

பிள்ளையள், நான் மேடைப் பேச்சுக்காரன் இல்லை. உங்கட பெரியவர் மூண்டு தரம் வீட்டுக்கு ஆள் அனுப்பினபடியால் வந்தனான். முழங்கால் ரெண்டும் இப்ப என்ர சொல் கேக்கிறேல்லை, அதாலை கதிரையிலை இருந்துதான் கதைப்பன். மருந்து எப்பிடிக் கலக்கிறது, பம்பை எவ்வளவு தூரத்திலை பிடிக்கிறது எண்டெல்லாம் என்னட்டைக் கேக்காதேங்கோ. அது உங்களுக்குப் படிப்பிச்சிருப்பினம். நீங்கள் இப்ப டெங்குக்குப் புகை அடிக்கிறியள், நாங்கள் அந்த நாளிலை மலேரியாவுக்கு வீட்டுச் சுவர் முழுக்க மருந்தடிச்சனாங்கள். வீடு வீடாய்ப் போய்ப் வேலிப் படலையிலை நிண்டு கூப்பிடுற வேலை அண்டைக்கும் இண்டைக்கும் ஒண்டுதான்.

உள்ளுக்கு வரேக்கை வாசலிலை நீங்கள் கதைச்சது காதிலை விழுந்தது. தம்பி ஒருவற்றை மனுசிக்குப் பிள்ளை பிறக்கப்போகுது, லீவு கேட்டிருக்கிறார். பக்கத்திலை நிண்டவர், "உனக்கென்னத்துக்கடா லீவு, நீயே பால் குடுக்கப்போறாய்?" எண்டார். எல்லாரும் சிரிச்சியள். லீவு கேட்ட தம்பியும் சிரிச்சார். நான் உங்களிலை பிழை பிடிக்க வரேல்லை. அதே மாதிரிப் பகிடி ஒண்டை இருபது இருபத்தைஞ்சு வருசத்துக்கு முதல் நானும் விட்டனான். நான் அப்ப சுப்பவைசர், கையெழுத்துப் போடுற ஆள். அதாலை என்ர பகிடி வெறும் பகிடியாய்ப் போகேல்லை. இண்டைக்கு அதைத்தான் சொல்லப்போறன். வேறை நல்ல கதையள் இருக்கு, ஆனால் அதுகள் எல்லாம் நான் கெட்டிக்காரனாய் இருந்த கதையள். உங்களுக்குப் பிரயோசனப்படாது.

முதல் என்ர வீட்டுக்கதை. என்ர மனுசி வட்டக்கச்சி ஆள். எங்கட வழக்கம் தெரியும்தானே, தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போயிடுவா. அங்கை ஒரு படையே நிக்கும். பத்தியக் கறிக்குச் சரக்கு அரைக்க ஒராள், சுடுதண்ணி வைக்க ஒராள், பிள்ளையைத் தூக்க நாலு பேர். ஆம்பிளை போனால் எங்கை நிக்கிறதெண்டு தெரியாமல் வேலியோரம் நிக்க வேணும். என்ர மூத்தவன் பிறக்கேக்கை நான் முல்லைத்தீவுப் பக்கம் வேலையிலை. முப்பத்தொராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டு, துடக்கு எல்லாம் கழிச்ச அண்டைக்குத்தான் போய்ப் பாத்தனான். ஒருத்தரும் என்னைத் தேடேல்லை, எனக்கும் அது பிழையாய்ப் படேல்லை. கையிலை வாங்கின உடனை அவன் கத்தினான், மாமி திருப்பி வாங்கிக்கொண்டா. இப்ப அவன் வெளிநாட்டிலை. போன் எடுத்தால், "அப்பா, அம்மா நிக்கிறாவே?" எண்டு கேப்பான். நான் போனைக் குடுத்துப்போட்டுப் பேப்பரை எடுப்பன். அதிலை அவனைக் குறை சொல்ல ஒண்டுமில்லை.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், பிள்ளைப்பேறு எண்டால் எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பெண்ணுக்குப் பெண்கள் நிப்பினம், ஆம்பிளை வேலைக்குப் போவான். எல்லா வீட்டிலையும் அப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டு நான் இருவது பேருக்கு மேலாளாய் இருந்தனான்.

ரெண்டாவது, நான் போட்ட ஒரு சட்டம். எங்கட பெடியள் ஒருக்கால் ஒரு பெரிய வீட்டுக்கை கேக்காமல் உள்ளட்டுப்போட்டாங்கள். அங்கை பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகேல்லை. அந்த வீட்டு அம்மா மருந்து வாளியைத் தூக்கி முற்றத்திலை கவிட்டுப்போட்டு, துடக்கு வீட்டுக்கை கால் வைக்க உங்களுக்கு ஆர் சொன்னது எண்டு ஊரைக் கூட்டிப்போட்டா. முறைப்பாடு மேலிடம் வரைக்கும் போச்சுது. என்னைக் கூப்பிட்டு நல்லாய் ஏச்சுக் குடுத்திச்சினம். அதுக்குப் பிறகு நான் சொன்னன், படலையிலை நிண்டு கேளுங்கோ, பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் ஆகாத வீடெண்டால் உள்ளுக்குப் போகாதேங்கோ, கதவிலை வெண்கட்டியாலை 'து' எண்டு எழுதிப்போட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கோ எண்டு. பிறகு ஒரு சண்டையும் வரேல்லை. சனத்தின்ர மனமறிஞ்சு நடக்கிற சுப்பவைசர் எண்டு எனக்கு நல்ல பேரும் வந்தது. பிறந்த பிள்ளையும் பெத்த தாயும் இருக்கிற வீட்டைத்தான் நுளம்புக்கு விட்டிட்டு வாறம் எண்டது எங்களிலை ஒருத்தற்றை மண்டையிலும் ஏறேல்லை. மலேரியாவோடை மல்லுக்கட்டின ஆக்கள் நாங்கள்.

இனி அந்தப் பகிடியின்ர கதைக்கு, சந்தனத்தின்ர கதைக்கு வாறன்.

சண்டையாலை கிளிநொச்சி ரவுணை விட்டுச் சனம் எல்லாம் வெளிக்கிட்ட பிறகு வந்த முதல் மாரி. எங்கட கந்தோர், அலுவலகம் எண்டு பேர்தான், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை கிடுகுக் கொட்டிலிலை நடந்தது. மழை விட்ட கையோடை காய்ச்சல் கிளம்பிச்சுது. மரத்துக்குக் கீழையும் தறப்பாளுக்குக் கீழையும் சனம் சுருண்டு கிடந்தது. காய்ச்சலுக்குக் குடுக்கிற குளிசை வாறது குறைஞ்சுபோச்சு. எனக்கு மேலை இருந்தவர் கடிதத்துக்கு மேலை கடிதம், மாசி முடியமுதல் ஒரு சுற்று அடிச்சு முடிக்க வேணும் எண்டு. என்ர ஆக்களிலை பாதிக்கு மேலை தாங்களே காய்ச்சலிலை. மிச்சம் இருந்தது எட்டுப்பேர்.

அந்த எட்டிலை ஒருத்தன் சந்தனம். ஜெயபுரத்து ஆள். மலையகத்திலை கலவரத்துக்குப் பயந்து தாய் தகப்பனோடை சின்ன வயசிலை வன்னிக்கு வந்தவன். தாய் தகப்பன் ரெண்டு பேரும் பிறகு காய்ச்சலிலையே செத்துப்போச்சினம். கலியாணம் முடிச்சது மல்லிகா எண்டு மலையிலை இருந்து வந்த ஒரு பிள்ளையை. அவன் பம்பைத் தோளிலை மாட்டினால் பின்னேரம் வரைக்கும் இறக்கமாட்டான். நாள் சம்பளக்காரன். வந்த நாளுக்குக் காசு, வராத நாளுக்கு இல்லை.

ஒருநாள் காலமை எல்லாரும் நிக்கேக்கை வந்து, தொப்பியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

"ஐயா, பத்து நாளு லீவு வேணுங்க."

"இந்த நேரத்திலையோ? என்னத்துக்கு?"

"வூட்டுல அவளுக்கு நாள் நெருங்கிருச்சுங்க. ரெண்டாவது."

நான் கடிதக் கட்டிலை இருந்து தலையை நிமித்தேல்லை. "பிள்ளை பெறப்போறது அவளோ, நீயோ?" எண்டன்.

கொட்டில் முழுக்கச் சிரிப்பு. சந்தனமும் சிரிச்சான். அந்தச் சிரிப்பைத்தான் என்னாலை இப்பவும் மறக்க ஏலாது. அவன் ஒரு சொல் திருப்பிச் சொல்லியிருந்தால், கோவிச்சிருந்தால், நான் நிமிந்து பாத்திருப்பன்.

"மாமியார் வந்து நிக்கலாம்தானே?"

"அவங்க மலையிலங்க. ஆமிக்காரங்ககிட்ட பாஸ் எடுத்து, வவுனியா தாண்டி வர முடியாதுங்க."

"அப்ப அயலட்டைப் பொம்பிளையள் இருப்பினம்தானே?"

அவன் கையிலை இருந்த தொப்பியைத் திருப்பினான். இல்லை எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்ல ஆருக்கு மனம் வரும்? அந்த நேரம் அவன்ர அயல் சனம் அரைவாசி காய்ச்சலிலை, அரைவாசி வேறை இடம் போட்டுது. எனக்கு அது தெரியும். அந்த ஊர்க் காய்ச்சல் கணக்கு என்ர மேசையிலைதான் கிடந்தது.

"சரி, ரெண்டு நாள் போ. நான் வரவு போட்டுவிடுறன்," எண்டன். எனக்கு அது பெரிய தயவாய்ப் பட்டது. "அதுக்கு மேலை வேணுமெண்டால் சம்பளமில்லாமல் நில்."

அவன் அதுக்கு ஓம் சொல்லமாட்டான் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான். நாள் காசு இல்லாட்டி அந்த வீட்டிலை அடுப்பு எரியாது. பிள்ளை பிறக்கிற மாசம் காசு இல்லாமல் ஆராவது நிப்பானே? மறுப்பு அவன்ர வாயாலை வரட்டும், என்ர கை சுத்தமாய் இருக்கட்டும் எண்டு நினைச்சன். தம்பிமார், நீங்களும் ஒருநாள் கையெழுத்துப் போடுற கதிரைக்கு வருவியள். இந்தக் கெட்டித்தனம் உங்களுக்கும் வரும். வரேக்கை கவனமாய் இருங்கோ.

அவன் ரெண்டு நாள் நிண்டான். ஆஸ்பத்திரியிலை ஆம்பிளைப்பிள்ளை. மல்லிகாவையும் பிள்ளையையும் வீட்டை கொண்டுவந்து விட்டு, குடம் எல்லாத்திலையும் தண்ணி நிரப்பி, ஒரு பெரிய பானை கஞ்சி வைச்சுப்போட்டு மூண்டாம் நாள் வேலைக்கு வந்திட்டான்.

இதிலை நான் செய்த இன்னொண்டும் இருக்கு. அந்தக் கிழமை ஒரு பகுதி ஜெயபுரத்துக்குப் போகுது, மற்றப் பகுதி புளியங்குளம் பக்கம் போய்த் தங்கி அடிக்க வேணும். அவனை ஜெயபுரத்துக்கு விட்டால் இடையிலை இடையிலை வீட்டை ஓடுவான் எண்டு, வேணுமெண்டே புளியங்குளத்துக்கு அனுப்பினன். அவன் போனான், ஏன் எண்டு கேக்கேல்லை.

பிள்ளைக்கு ஒன்பதாம் நாள் என்ர ஆக்கள் ஜெயபுரத்திலை மருந்தடிச்சவை. சந்தனத்தின்ர வீட்டுப் படலையிலை நிண்டு கூப்பிட, அவன்ர மூத்தவள் செல்வி ஓடி வந்தாளாம். அஞ்சு வயசு. "தம்பிப் பாப்பா பொறந்திருக்கு. அம்மா தூங்குது," எண்டாளாம். கூட வேலை செய்யிறவன்ர வீடெண்டு மரியாதையோடை, சத்தம் போடாமல், கதவிலை 'து' எழுதிப்போட்டு வந்திட்டாங்கள். அண்டு பின்னேரம் கணக்குத் தாள் என்னட்டை வந்தது. ஜெயபுரத்திலை மூண்டு வீடு துடக்கு எண்டு இருந்தது. கீழை கையெழுத்துப் போட்டன். அதிலை ஒண்டு ஆற்றை வீடெண்டு யோசிக்கேல்லை.

மூண்டு நாள் கழிச்சு அந்தப் பகுதிக் குடும்பநல மாது என்ர கந்தோருக்கு வந்தா. கர்ப்பிணியளையும் பிறந்த பிள்ளையளையும் வீடு வீடாய்ப் போய்ப் பாக்கிறவா. முல்லைத்தீவுக் கரையோரக் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், என்ர வயசுதான். அஞ்சாறு ஊருக்கு அவா ஒராள்தான், சைக்கிளிலை. எந்த நாளும் சிரிச்சுக்கொண்டு வாறவா. அண்டைக்குச் சைக்கிளை ஸ்டாண்டிலை விடாமல் கொட்டில் தூணிலை சாத்திப்போட்டு நேரை வந்தா. சட்டையிலை ஆரோ வாந்தி எடுத்த மணம்.

"அண்ணை, உங்கட ஆக்கள் சந்தனத்தின்ர வீட்டுக் கதவிலை என்ன எழுதினவை?"

"துடக்கு வீடெண்டு எழுதியிருப்பினம். ஏன்?"

"அந்த வீட்டிலை துடக்குக் காக்க ஆர் இருக்கினம்?"

எனக்கு விளங்கேல்லை. அவா நிண்டபடியே சொன்னா. மல்லிகா பாயிலை நினைவில்லாமல் கிடந்திருக்கிறா. மலேரியா மண்டைக்கு ஏறுற நிலை. எத்தினை நாள் காய்ச்சல் எண்டு சொல்லக்கூட ஆளில்லை. பால் வத்திப்போச்சு. செல்வி சுவரோடை சாஞ்சிருந்து, தம்பியை மடியிலை வைச்சு, கரண்டியாலை சீனித்தண்ணி பருக்கிக்கொண்டு இருந்தவளாம். சீனி முடிஞ்சு, அண்டைக்கு வெறும் தண்ணி. கஞ்சிப்பானை புளிச்சு நுரை தள்ளினபடி. பிள்ளை அழச் சீவனில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிச்சுதாம். அவா ஓடிப்போய் ஒரு உழவுமெசினை மறிச்சு, மூண்டு பேரையும் பின்பெட்டியிலை ஏத்தி ஆஸ்பத்திரியிலை விட்டிட்டு வாறா.

"தகப்பன் எங்கை?" எண்டு கேட்டா.

"புளியங்குளத்திலை."

"ஆர் அனுப்பினது?"

நான் மேசையிலை கிடந்த கடிதங்களை அடுக்கினன்.

"அண்ணை, நான் உங்களை ஏசேல்லை," எண்டா. "நானும் எட்டாம் நாள் போய்ப் பாக்க வேண்டியவள். காய்ச்சலோடை கிடந்திட்டன். எனக்குப் பதிலா ஒருத்தரும் இல்லை. மல்லிகாவுக்கும் ஒருத்தரும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு தகப்பன் இருந்தவன் அண்ணை. கையும் காலும் சுகத்தோடை, மற்றாக்களின்ர வீட்டுக்கு மருந்தடிச்சுக்கொண்டு."

ஏசியிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும்.

ஒருத்தரும் சாகேல்லை, பயப்பிடாதேங்கோ. பிள்ளை தப்பிச்சுது, மல்லிகாவும் தப்பினா. ஆரும் செத்திருந்தால் விசாரணை வந்திருக்கும், என்னட்டைக் காரணம் கேட்டிருப்பினம். சாகாதபடியால் ஒரு தாளிலும் ஒண்டும் இல்லை. எங்கட வேலையிலை நடக்கிற பிழையளிலை முக்கால்வாசி இப்பிடித்தான் போகும்.

புளியங்குளத்துக்குச் சொல்லி அனுப்பி, சந்தனம் நேரை ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரு கிழமையாலை மூண்டு பேரையும் வீட்டை கூட்டிக்கொண்டு போனதாய்க் கேள்விப்பட்டன். போய்ப் பாக்க எனக்கு முகமில்லை. அடுத்தநாள் காலமை பாத்தால், அவன் தொப்பியோடை கொட்டில் வாசலிலை நிக்கிறான்.

"வேலைக்கு வந்துட்டேங்க."

"விசரே உனக்கு? மல்லிகாவுக்கு எழும்பி நடக்க ஏலுமே?"

"இன்னும் இல்லீங்க. சுவத்தப் புடிச்சுத்தான் ஒக்கார்றா."

"அப்ப பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"பெரியவ இருக்காங்க."

"எந்தப் பெரியவள்?"

"செல்விங்க."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அஞ்சு வயசுப் பிள்ளையிலை பச்சைப் பாலகனை விட்டிட்டு வந்தியோ, நீயும் ஒரு தகப்பனோ எண்டு கத்தினன். கத்தேக்கையே தெரியுது, இது எனக்கு நானே கத்திறது எண்டு. அவன் குனிஞ்சுகொண்டு நிண்டான். பிறகு மெல்லமாய்ச் சொன்னான்.

"அவ புள்ளய என்கிட்ட குடுக்க மாட்டேங்கிறாங்க. ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். நர்ஸம்மா வாங்கினா குடுப்பா, அவுங்க அம்மாகிட்ட பாலுக்குக் குடுப்பா. நான் கைய நீட்டினா திரும்பி ஒக்காந்துக்கிறா. 'நீ வேலைக்குப் போ, நான் பாத்துக்கிறேன்'ங்கிறா. அந்த வூட்டுல எனக்கு ஒரு வேலையும் இல்லீங்க ஐயா. அதான் இங்க வந்தேன்."

அவன் அழேல்லை. நான்தான் எழும்பிப் பின்பக்கம் போய் முகம் கழுவினன்.

திரும்பி வந்து வரவுப் புத்தகத்தை எடுத்தன். சந்தனம், ஒரு மாதம், கந்தோர்க் காவல் எண்டு எழுதினன். "போ. ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் தலை காட்டாதை. காசு வரும்," எண்டன். அந்தக் கந்தோரிலை காவல் காக்க என்ன இருந்தது? ரெண்டு வாளியும் ஒரு உடைஞ்ச தராசும். பச்சைப் பொய். அரசாங்கப் புத்தகத்திலை நான் எழுதின முதல் பொய் அதுதான். அதுக்குப் பிறகு கனக்க எழுதினன். என்ர ஆக்களிலை ஆருக்குப் பிள்ளை பிறந்தாலும் காவல் எண்டோ காய்ச்சல் எண்டோ போட்டு அனுப்பினன். பிடிபட்டிருந்தால் ஓய்வூதியம் போயிருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லேல்லை. பொய் எழுதிறது ஒரு ஒழுங்கில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பச்சைப்பிள்ளையின்ர சீவன் என்னை மாதிரி ஒருத்தன்ர நல்ல மனசிலை தங்கியிருக்கக் கூடாது. சந்தனம் வந்து கேட்ட அண்டு காலமை எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, மேலிடத்துக் கடிதம் மேசையிலை, நித்திரை குறைவு. அவ்வளவுதான் காரணம். வேறை ஒருநாள் கேட்டிருந்தால் குடுத்திருப்பனோ என்னவோ. சட்டத்திலை எழுதிக் கிடந்திருந்தால் அவன் தொப்பியைக் கழட்டியிருக்கவும் தேவையில்லை, நான் பகிடி விட்டிருக்கவும் ஏலாது. தாய்க்கு லீவு எழுதியிருக்கு. அதை எழுதின ஆக்கள், தகப்பனுக்குப் பதிலா வீட்டிலை ஒரு படை நிக்கும் எண்டு நினைச்சிருப்பினம், நான் நினைச்ச மாதிரி. படை இருந்த வீடுகள் இருந்தது, ஓம். ஆனால் சண்டையும் இடப்பெயர்வும் காய்ச்சலும் வந்த பிறகு எத்தினை வீட்டிலை இருந்தது? இண்டைக்கு உங்கட வீடுகளிலை இருக்கோ? தாய் ஒரு நாட்டிலை, தமக்கை இன்னொரு நாட்டிலை. வீடியோவிலை சரக்கு அரைக்க ஏலாது.

அதோடை, சம்பளத்தோடை குடுக்க வேணும். சம்பளமில்லாத லீவு எண்டது இல்லை எண்டு சொல்லுறதுக்கு ஒரு மரியாதையான வழி. நான் செய்து பாத்த வழி, அதாலை தெரியும்.

கள்ளம் அடிப்பாங்கள் எண்டு உங்கட மேலாக்கள் சொல்லுவினம். ஓம், அடிப்பாங்கள். கரையோரப் பெடியன் ஒருத்தன் நான் பொய் எழுதிக் குடுத்த லீவிலை கடலுக்குப் போட்டான். எனக்குக் கொதி வந்திட்டுது. அந்தக் குடும்பநல மாதுவிட்டைப் போய்ச் சொன்னன், பாருங்கோ நான் பயந்து பயந்து எழுதிக் குடுக்க இவன் வலைக்குப் போறான் எண்டு. அவா கேட்டா, "என்ன மீன் கொண்டுவந்தவன்?" பால்சுறாவாம். பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊற வைக்கிற கறி. "அப்ப லீவு சரியாத்தான் போயிருக்கு," எண்டா. "பிள்ளை பெத்த தாய்மார் லீவிலை என்ன செய்யினம் எண்டு நீங்கள் ஒருநாளும் எட்டிப் பாத்ததில்லைத்தானே. இவனை மட்டும் ஏன் பாக்கிறியள்?" வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தன்.

துடக்கு வீட்டுச் சட்டத்தையும் மாத்தினன். படலையிலை நிண்டு கேக்கிறதோடை விடாமல், உள்ளுக்கு ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேக்கச் சொன்னன். பெரியாக்கள் இருந்தால் அவையோடை கதைச்சு, தாயையும் பிள்ளையையும் பக்கத்து வீட்டிலை இருத்திப்போட்டு அடிக்கலாம். பெரியாக்கள் இல்லாட்டி உடனை எனக்குச் சொல்ல வேணும். ஏச்சு விழுந்தது, வாளியும் கவிண்டது. பரவாயில்லை எண்டு விட்டிட்டன்.

ஆனால் சந்தனத்தின்ர வீட்டுக்கு வேறை ஆக்களை அனுப்ப எனக்கு மனம் வரேல்லை. அவனை லீவிலை அனுப்பின மற்றநாள் நானே பம்பைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு ஜெயபுரம் போனன். மண்சுவர், கிடுகுக் கூரை. கதவிலை அந்த எழுத்து அப்பிடியே இருந்தது. சந்தனம் ஓடிவந்து பம்பை வாங்கப் பாத்தான். "நீ லீவு. தள்ளி நில்," எண்டன். அவன் மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்துக்குக் கீழை பாயிலை இருத்தினான். செல்வி தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையின்ர பாரத்துக்கு அவளின்ர முதுகு பின்னாலை வளைஞ்சு கிடந்தது. ஆனால் பிடி விடேல்லை. சந்தனம் கையை நீட்டினான். அவள் மற்றப் பக்கம் திரும்பி இருந்தாள்.

அடிச்சு முடிச்சு, சுவர் காயும் வரைக்கும் நானும் மரத்துக்குக் கீழை குந்தினன்.

"செல்வி, அப்பா இனி ஒரு மாசம் வேலைக்கு வரமாட்டார். நான்தான் சொல்லிப்போட்டன்," எண்டன்.

அவள் என்னைப் பாத்தாள். "நீங்க யாரு?"

"அப்பாவை வேலைக்கு அனுப்பிறவர்."

"அப்ப நாளைக்கி அனுப்புவீங்க," எண்டாள். சண்டைக்குச் சொல்லேல்லை, சாதாரணமாய்த்தான் சொன்னாள். சொல்லிப்போட்டுத் தம்பியின்ர முகத்திலை இருந்த ஈயைக் கலைச்சாள்.

ஒரு மாசம் முடிஞ்சு சந்தனம் வேலைக்கு வந்தான். பின்னேரம் எல்லாரும் போன பிறகு கிணத்தடியிலை பம்பு கழுவிக்கொண்டு நிண்டவனைக் கேட்டன், பிள்ளையைக் குடுத்தவளோ எண்டு.

"குடுத்தாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிருச்சு. தெனம் காலையில எந்திரிச்சு மொதல்ல என்னயத்தான் தேடுவா, இருக்கேனான்னு. பாத்துட்டுப் போயி தம்பிய எடுத்து வச்சுக்குவா. நானும் கேக்காம விட்டுட்டேன். கஞ்சி காய்ச்சுவேன், துணி தொவைப்பேன், மல்லிகாவ நடக்க வைப்பேன். அப்பறம் ஒருநா அடுப்புக்கிட்ட ஒக்காந்திருந்தேங்க. அவளா வந்தா. தம்பிய என் மடியில வச்சா."

"ஏதும் சொன்னவளே?"

சந்தனம் பம்பைக் கீழை வைச்சான்.

"'கை வலிக்குதுப்பா'ன்னாங்க."